முதுகு வலிக்கு எதுக்குங்க சைக்காலஜிஸ்ட்?

தூக்கம்தொலைச்சவ:
3 வருஷமா இடுப்புக்கு மேல முதுகு வலி. எம்ஆர்ஐல டிஸ்க் தேய்மானம்னு போட்டிருக்கு, ஆபரேஷன் தேவையில்லன்னுட்டாங்க, மாத்திரை பிசியோ ஊசி எல்லாம் பாத்தாச்சு. போன வாரம் டாக்டர் "வலிக்குன்னே ஒரு சைக்காலஜிஸ்ட் இருக்காங்க, போய் பாருங்க"ன்னு எழுதிக் கொடுத்துட்டார். வெளிய வந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்போ நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாரா? போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, உள்ள என்னதான் பண்ணுவாங்க?

பழைய_கழுத்துவலி:
சிஸ்டர், நானும் சண்டை போடற மூடுலதான் போனேன். சின்ன வயசு கதையெல்லாம் கிளறுவாங்கன்னு பாத்தா, காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் என்ன பண்றீங்கன்னு மட்டும் ஒரு மணி நேரம் கேட்டாங்க. அதுலயே குட்டு வெளிப்பட்டுடுச்சு, வலி கம்மியா இருக்கற அன்னைக்கு விட்டதெல்லாம் சேத்து பிடிக்கணும்னு வீடு பூரா தொடச்சு துணிமணி மடிச்சு எல்லாம் பண்ணிடுவேன், அப்புறம் 3 நாள் படுக்கைதான். எனக்கு 20 நிமிஷம் உக்காந்தா வலி ஏறும், அதனால 15லயே எந்திரிங்க, வலிச்சாலும் வலிக்காட்டியும்னாங்க. டைமர் வச்சுக்கிட்டு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரறது பைத்தியக்காரத்தனமா இருந்துச்சு. ஆனா கொஞ்சம் கொஞ்சமா நேரத்த ஏத்தி, இப்போ 50 நிமிஷம் உக்காருவேன். வலி போச்சான்னா போகல. பையனோட ஸ்கூல் ஃபங்ஷன முழுசா பாத்தேன், அது போதும் எனக்கு.

வலிகிளினிக்_சைக்கா:
நான் இதே வேலைதான் பாக்கறேன். மொதல்ல ஒண்ணு, உங்க வலி நிஜம். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020ல வலிக்கான வரையறைய திருத்தினப்போ, ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அத மதிக்கணும்னே எழுதி வச்சாங்க. 3 மாசத்துக்கு மேல நீடிச்சாதான் நாள்பட்ட வலின்னு சொல்லுவோம், உங்களோடது 3 வருஷம்.

திருடன் வந்தப்ப குரைச்ச வீட்டு நாய், அப்புறம் இலை அசைஞ்சாலே குரைக்க ஆரம்பிக்கும் இல்லையா, அந்த மாதிரி நரம்பு மண்டலம் உஷாராவே இருந்து பழகிடுது. குரைப்பு பொய்யில்ல, திருடன்தான் இல்ல. பயம், தூக்கமின்மை, கவலை எல்லாம் அந்த நாய இன்னும் உசுப்பேத்தும். 1965லயே ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், தண்டுவடத்துல வலிக்கு ஒரு கதவு மாதிரி அமைப்பு இருக்கு, மூளைல இருந்து வர்ற சமிக்ஞையும் அத திறக்கும் மூடும்னு சொன்னாங்க, அந்த விவரங்கள்ல நிறைய மாறிடுச்சு, அடிப்படை நிக்குது.

அந்த தேய்மானம்ங்கற வார்த்தைய பாத்து பயந்திருப்பீங்களே? முதுகு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகள 2015ல ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. 20 வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயசுல 96. குனிஞ்சா ஒடஞ்சிடும்னு பயந்து குனியாமயே இருந்து, தசை பலமிழந்து, வலி கூடி, இன்னும் பயந்துன்னு ஒரு சுத்து. அத உடைக்கறதுதான் எங்க வேலைல பாதி. ஆனா திடீர்னு ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ எங்ககிட்ட வராதீங்க, நேரா எமர்ஜென்சி.

நம்பாதவன்:
6 மாசம் போனேன், மூச்ச இழுங்க விடுங்கன்னே ஓட்டிட்டாங்க. காசுதான் போச்சு.

வலிகிளினிக்_சைக்கா:
@நம்பாதவன் கோவம் நியாயம்தான். வலில பயிற்சி இல்லாத கவுன்சலர்கிட்ட போனா அப்படித்தான் ஆகும், மூச்சுப் பயிற்சி ஒரு துணை, அதுவே வைத்தியமில்ல. மொத நாளே கேட்டுடுங்க, என் பிசியோகிட்ட பேசுவீங்களா, எந்த வேலைய திரும்ப செய்ய வைக்கப் போறீங்கன்னு. பதில் மழுப்பலா இருந்தா வேற ஆள பாருங்க. நல்ல ஆள்கிட்ட போனாலும் ஆய்வுகள்ல சராசரி பலன் சின்னதுதான், சிலருக்கு நிறைய, சிலருக்கு ஒண்ணுமே இல்ல. வலிய எடுத்துடறேன்னு சொல்றவங்கள நானே நம்ப மாட்டேன்.

தூக்கம்தொலைச்சவ:
அந்த ஸ்கேன் கணக்க 4 தடவ படிச்சேன். இன்னொண்ணு கேக்கறேன், நான் மூஞ்சிய சுளிச்சாலே வீட்டுக்காரர் கைல இருக்கறத பிடுங்கிட்டு போய் படுன்னுடுவார். ஒரு டம்ளர் கூட கழுவ விடறதில்ல. பாசம்தான், ஆனா இப்போ நான் எதுக்கும் லாயக்கில்லன்னு தோணுது.

வலிகிளினிக்_சைக்கா:
இத மொத நாளே அங்க சொல்லுங்க, ரொம்ப முக்கியம். வில்பர்ட் ஃபோர்டைஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1970கள்ல எழுதி வச்சதே இதத்தான், வலிச்சா ஓடி வர்றாங்க, வேலை செஞ்சா யாரும் கண்டுக்கறதில்ல, அப்போ உடம்பு எத கத்துக்கும்? உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்ல. ஒரு தடவ அவரயும் கூட்டிட்டுப் போங்க.

பழைய_கழுத்துவலி:
எங்க வீட்டுலயும் அதே கதைதான், அம்மா ரூபத்துல 😅

தூக்கம்தொலைச்சவ:
வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு, ரெண்டு பேருக்கும். அவர்கிட்ட இன்னும் சொல்லல. இப்போதான் அவர் தூங்கினப்புறம் ரெண்டு டம்ளர் கழுவி வச்சேன்.