எச்ஐவி ஆய்விதழ் ஒன்றின் செல்வாக்கை எதைக் கொண்டு அளப்பது?

கருப்பூர் ஆய்வு மாணவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் நூலகத் தகவல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். 1987-இல் தொடங்கி, பன்னாட்டு எய்ட்ஸ் சங்கத்தின் அதிகாரபூர்வ இதழாக வெளிவந்துகொண்டிருக்கும் 'எய்ட்ஸ்' என்ற ஆய்விதழை எடுத்துக்கொண்டு, எச்ஐவி ஆராய்ச்சியின் போக்கு அதில் எவ்வாறு மாறி வந்திருக்கிறது, அந்த இதழுக்கு இருக்கும் செல்வாக்கு எத்தகையது என்று ஆராய்வதே என் தலைப்பு.

ஆண்டுவாரிக் கட்டுரை எண்ணிக்கை, நாடுவாரிப் பங்கு, அதிகம் எழுதிய ஆசிரியர்கள், எச்-குறியீடு, தாக்கக் காரணி என்ற மேற்கோள் அளவீடுகள் ஆகியவற்றின் அட்டவணைகளை முடித்துவிட்டேன். குறிச்சொற்களை வாஸ்வியூவர் மென்பொருளில் இட்டு வரைபடமும் எடுத்துவிட்டேன். ஆனால் சென்ற ஆய்வுக்குழுக் கூட்டத்தில், மருத்துவத் துறையிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர், "இந்த அட்டவணைகளைப் பார்த்து எச்ஐவி சிகிச்சையைப் பற்றி ஒருவர் புதிதாக என்ன தெரிந்துகொள்ள முடியும்?" என்று கேட்டார். என் நெறியாளர் சமாளித்துக் கொடுத்தார் என்றாலும், அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் ஆய்வேட்டை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. 'வீரியமிக்க கூட்டு மருந்து சிகிச்சை' என்பதைக் குறிக்கும் 'ஹார்ட்' என்ற சொல் 1996-க்குப் பிறகு வரைபடத்தில் ஏறுகிறது. பின்னர் படிப்படியாக இறங்கிவிடுகிறது. சிகிச்சை பற்றிய ஆராய்ச்சி குறைந்துவிட்டது என்று இதைக் கொண்டு எழுதலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி நூலகர்:

தங்கைக்கு வணக்கம். இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் எளிது. அப்படி எழுதாதீர்கள். இறங்கியது அந்தச் சொல்லின் புழக்கம் மட்டுமே. கூட்டு மருந்து என்பது வழக்கமான சிகிச்சையாகிவிட்ட பின், 'வீரியமிக்க' என்ற அடைமொழி தேவையற்றுப்போய், எல்லோரும் வெறுமனே 'ஏஆர்டி' (வைரஸ் எதிர்ப்பு மருந்து சிகிச்சை) என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். வாஸ்வியூவரில் நிகர்ச்சொல் கோப்பு ஒன்றை இணைக்கும் வசதி இருக்கிறது. ஒரு பத்தியில் பழைய சொல்லையும் அடுத்த பத்தியில் அதற்குப் பதிலாக நிற்க வேண்டிய சொல்லையும் கொடுத்துவிட்டால், மென்பொருள் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளும். அதைச் செய்யாமல் எடுத்த வரைபடம் ஆசிரியர்களின் சொல்வழக்கைத்தான் காட்டும், ஆராய்ச்சியின் போக்கைக் காட்டாது. வரைபடத்தின் வண்ணங்களைப் பார்த்து மயங்கி இந்த வேலையை விட்டுவிட்ட ஆய்வேடுகள் எத்தனையோ நம் பக்கத்திலேயே உண்டு.

வைரஸின் பெயரும் அப்படித்தான். 1986-இல்தான் எச்ஐவி என்ற பெயர் முடிவாயிற்று. அதற்கு முன் அமெரிக்கர்கள் எச்டிஎல்வி-3 என்றும் பிரெஞ்சுக்காரர்கள் எல்ஏவி என்றும் எழுதினார்கள், பழைய பெயர்கள் அதன் பிறகும் சில காலம் நீடித்தன. தமிழ்நாட்டில் பாலியல் தொழிலாளர்களிடையே இந்தத் தொற்று இருப்பதற்கான சான்றை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழுவினர் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் வெளியிட்டது 1987-இல், அதாவது நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் இதழ் தொடங்கிய அதே ஆண்டில். அந்தக் கட்டுரையின் தலைப்பில் எச்டிஎல்வி-3 என்றுதான் இருக்கிறது. எச்ஐவி என்ற சொல்லைத் தலைப்புகளில் மட்டும் தேடுபவருக்கு அது அகப்படாது.

தேடலில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எய்ட்ஸ்' என்ற சொல்லுக்குத் துணைக்கருவிகள் என்றும் பொருள் உண்டு என்பதால், பொதுத் தேடலில் இதழின் பெயரை மட்டும் இட்டால், காது கேட்கும் கருவி பற்றியும் கற்பித்தல் துணைக்கருவிகள் பற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகளெல்லாம் வந்து கொட்டும். இதழ்ப் பெயருக்கான புலத்தில், இதழுக்குரிய பன்னாட்டுத் தொடர் எண்ணையும் (ஐஎஸ்எஸ்என்) சேர்த்துத் தேடினால்தான் தரவு சுத்தமாக இருக்கும்.

இனி தாக்கக் காரணி. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவை இந்த ஆண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை, அந்த இரண்டு ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது அது. மேலே உள்ள எண்ணில் ஆசிரியருக்குக் கடிதம், தலையங்கம் ஆகியவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களும் சேரும். கீழே உள்ள எண்ணில் ஆய்வுக் கட்டுரைகளும் மீள்பார்வைக் கட்டுரைகளும் மட்டுமே சேரும். யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் 'சயின்ஸ்' இதழில் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை முன்வைத்தபோது, ஒருவருடைய பதவி உயர்வை இதைக் கொண்டு முடிவு செய்வார்கள் என்று எண்ணியிருக்க மாட்டார். எந்த இதழைத் தொகுப்பில் சேர்ப்பது, எதை வாங்குவது என்ற நூலகரின் கேள்விக்கு அது நல்ல கருவி; செல்வாக்கு என்ற கேள்விக்குப் போதாது. சீர்காழியில் பிறந்த நம் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1948-லேயே நூலக வேலைகளை எண்களால் அளக்க 'லைப்ரமெட்ரி' என்று ஒரு துறையை முன்மொழிந்தார் என்பதையும், முன்னுரையில் இடமிருந்தால், ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டார் பெயர்களோடு நிறுத்திக்கொள்வது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

ஏற்காடு மருத்துவர்:

நான் இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். பணியிலிருந்த காலத்தில் பல ஆண்டுகள் ஏஆர்டி மையத்தில் நோயாளிகளைப் பார்த்தவன். உங்கள் குழு உறுப்பினர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை உங்கள் இதழிலேயே இருக்கிறது, ஆனால் ஆண்டுவாரி அட்டவணையில் இல்லை.

எங்கள் சிகிச்சை முறையை மாற்றிய பெரிய மருத்துவச் சோதனைகள் பெரும்பாலும் 'எய்ட்ஸ்' இதழில் வரவில்லை. தொற்றுள்ளவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கினால் இணையருக்கு நோய் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று காட்டிய எச்பிடிஎன் 052 சோதனை, 2011-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. 1,763 ஜோடிகள் கலந்துகொண்ட அந்தச் சோதனையில் சென்னையும் புனேயும் களங்களாக இருந்தன. நோய் எதிர்ப்புத் திறனைக் காட்டும் சிடி4 இரத்த அணுக்களின் அளவு எதுவாக இருந்தாலும் உடனே மருந்து தொடங்கலாம் என்பதற்கு அடிப்படையான ஸ்டார்ட், டெம்ப்ரானோ ஆகிய இரண்டு சோதனைகளும் 2015-இல் அதே இதழில்தான் வந்தன. அந்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் அனைவருக்கும் சிகிச்சை என்று பரிந்துரைத்தது; 2017-இல் இந்தியாவும் அதை ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், முதலில் 200, பின்னர் 350 என்று சிடி4 எண்ணுக்காகக் காத்திருந்து, "இன்னும் மருந்து தொடங்கும் அளவு வரவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று நாங்களே திருப்பி அனுப்பியவர்கள் எத்தனையோ பேர்.

அப்படியானால் உங்கள் இதழுக்கு வேலையே இல்லையா என்றால், அப்படியில்லை. எச்பிடிஎன் 052 முடிவுகள் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2009-இல், இரத்தத்தில் வைரஸ் அளவுக்கும் பாலுறவு வழிப் பரவலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 'எய்ட்ஸ்' இதழில் வந்தது. மருந்து உட்கொண்டு வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 400-க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து இணையருக்குத் தொற்று பரவியதாக அந்த ஆய்வுகளில் ஒரு பதிவும் இல்லை என்று அது காட்டியது. ஆண்களுக்கான சுன்னத்து பற்றிய கதை இன்னும் தெளிவானது. ஆப்பிரிக்காவில் அது தொற்று வாய்ப்பைக் குறைக்கிறது என்ற தொகுப்பாய்வு 2000-இல் இந்த இதழில் வெளியாயிற்று. அதைச் சோதித்துப் பார்த்த மூன்று மருத்துவச் சோதனைகளில் ஒன்று 2005-இல் 'பிளாஸ் மெடிசின்' இதழிலும், மற்ற இரண்டும் 2007-இல் 'லான்செட்' இதழிலும் வந்தன. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை வழங்கியது. நூலகர் ஐயா சொன்ன இரண்டாண்டுக் கணக்கில் 2000-ஆம் ஆண்டுக் கட்டுரை 2002-ஓடு காலாவதியாகிவிடும். அதன் உண்மையான வேலையோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1998-இல் சிட்னி மருத்துவர்கள் இதே இதழில், புரோட்டியேஸ் தடுப்பு மருந்து என்ற வகை எச்ஐவி மருந்தை எடுப்பவர்களுக்கு முகத்திலும் கை கால்களிலும் கொழுப்பு கரைந்து, இரத்தக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடுவதை ஒரு தனி நோய்க்குறித் தொகுதியாக விவரித்தார்கள். நம் ஊரில் அதே போன்ற தோற்றத்தை நாங்கள் அதிகம் பார்த்தது ஸ்டாவுடின் என்ற இன்னொரு எச்ஐவி மாத்திரை எடுத்தவர்களிடம். கன்னம் ஒட்டி, கையில் நரம்பு புடைத்து, பாதம் எரிகிறது என்று வந்து உட்காருவார்கள். நோயை அடக்கிய மருந்தே, பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர்களைக் காட்டிக் கொடுத்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னதற்குப் பின்னால், இத்தகைய பக்கவிளைவுக் கட்டுரைகள் பத்தாண்டுக் காலமாகச் சேர்ந்துகொண்டே வந்திருந்தன. ஒரு சிறப்பு இதழின் செல்வாக்கு என்று நான் சொல்வது இதைத்தான்: தீர்ப்பு வேறு இடத்தில் எழுதப்படும், சாட்சியம் இங்கே பதிவாகும்.

சூரமங்கலம் புள்ளியியலாளர்:

மருத்துவர் ஐயாவின் எடுத்துக்காட்டுகள் அருமையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆய்வேட்டில் அவற்றை அப்படியே வைத்தால், வெற்றி பெற்ற கட்டுரைகளை மட்டும் பொறுக்கி எடுத்ததாகப் புறத்தேர்வாளர் சொல்லக்கூடும். திசையை மாற்றிப் பாருங்கள். இதழிலிருந்து முன்னோக்கிப் போகாமல், உலக சுகாதார நிறுவனத்தின் 2013, 2016, 2021 ஆகிய ஆண்டுகளின் தொகுக்கப்பட்ட சிகிச்சை வழிகாட்டு நெறிமுறைகளையும், நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2018, 2021 நெறிமுறைகளையும் எடுத்து, அவற்றின் மேற்கோள் பட்டியல்களில் எந்த இதழ் எத்தனை முறை, எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைக்கும் நெறிமுறைக்கும் இடையே எத்தனை ஆண்டு இடைவெளி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்வது சரியென்றால், 'எய்ட்ஸ்' இதழின் இடைவெளி பொது மருத்துவ இதழ்களின் இடைவெளியைவிட நீண்டதாக வர வேண்டும். வராவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான். இது கையால் செய்ய வேண்டிய வேலை, சலிப்பூட்டும். ஆனால் குழு உறுப்பினரின் கேள்விக்கு நேரான விடை இதிலிருந்துதான் கிடைக்கும்.

கட்டுரைக்குச் சராசரி மேற்கோள் என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, இடைநிலை அளவைக் (மீடியன்) கொடுங்கள். எந்த இதழிலும் ஒரு சிறு பகுதிக் கட்டுரைகளே மேற்கோள்களில் பெரும் பங்கை வாங்கிக்கொள்கின்றன. 1998-ஆம் ஆண்டின் அந்தச் சிட்னிக் கட்டுரை போன்ற ஒன்று சேர்ந்தாலே அவ்வாண்டின் சராசரி உயர்ந்துவிடும்.

இதழின் எண்ணிக்கை எந்த ஆண்டிலாவது சரிந்திருந்தால், உடனே ஆர்வம் குறைந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'ஜேஎய்ட்ஸ்' 1988 முதலும், 'எய்ட்ஸ் அண்ட் பிஹேவியர்' 1997 முதலும், 'லான்செட் எச்ஐவி' 2014 முதலும் வெளிவருகின்றன. நடத்தை, மனநலம், சமூகப் புறக்கணிப்பு பற்றி எழுதுபவர்களுக்குத் தனி இதழ்கள் வந்துவிட்ட பின் அவர்கள் அங்கே போவது இயல்பு. குறைந்தது இரண்டு போட்டி இதழ்களையாவது பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் ஒரே இதழைக் கொண்டு எச்ஐவி ஆராய்ச்சியின் போக்கு என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

கருப்பூர் ஆய்வு மாணவி:

மூவருக்கும் நன்றி. நெறிமுறைகளின் மேற்கோள் பட்டியல்களை எண்ணும் யோசனையை நெறியாளரிடம் சொன்னேன். ஒரு தனி இயலாகவே வைக்கச் சொல்லிவிட்டார். மேலும் ஒரு கேள்வி. தமிழ்நாட்டின் பங்கு என்று ஒரு பகுதி எழுத விரும்பி, சென்னை, வேலூர், சேலம், நாமக்கல் ஆகிய ஊர்களின் பெயர்களை ஆசிரியர் முகவரிகளில் தேடினேன். சென்னை நிறைய வருகிறது. நம் பக்கத்து ஊர்கள் அநேகமாக வரவே இல்லை. இதை எப்படி விளக்குவது?

ஏற்காடு மருத்துவர்:

முகவரி என்பது எழுதியவர் அமர்ந்திருக்கும் இடம். நோயாளி வாழும் இடம் அதில் வராது. சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், சுனிதி சாலமன் அம்மையார் 1993-இல் தொடங்கிய ஒய்ஆர்ஜி கேர் அமைப்பும் இருந்ததால் கட்டுரைகள் அங்கிருந்து போயின. தென்னிந்திய நோயாளிகளிடம் எச்ஐவி எப்படி முற்றுகிறது என்ற அவர்களுடைய முக்கியமான கட்டுரைகூட 2003-இல் 'கிளினிக்கல் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில்தான் வந்தது. சங்ககிரி, நாமக்கல் லாரித் தொழிலாளர்களிடையே நடந்த வேலைகளின் விவரங்களோ, நம்பிக்கை மையங்கள் எனப்படும் எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையங்களின் பதிவேடுகளிலும், 1995-இல் தொடங்கிய ஏபிஏசி என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் போன்றவற்றின் அறிக்கைகளிலும் தங்கிவிட்டன. ஆகவே நெறிமுறை இயலில், ஆய்விதழ்களைப் போலவே மாநில, தேசிய அறிக்கைகளையும் ஒரு தனி வகையாக எண்ணுங்கள். ஊர்ப் பெயரைக் கட்டுரைச் சுருக்கத்திலும் தேடிப் பாருங்கள். முகவரியில் வராத ஊர் ஆய்வுக் களமாக அங்கே வரலாம்.

அஸ்தம்பட்டி நூலகர்:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். தரவுத்தளத்தில் மேற்கோள் எண்ணிக்கை நாள்தோறும் மாறும். முழுத் தரவையும் ஒரே நாளில் இறக்கி, அந்தத் தேதியை முறையியல் இயலின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். முழுக் கட்டுரை கிடைக்காதவற்றுக்கு, ஆய்விதழ்களுக்கான இந்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எந்தெந்தப் பதிப்பாளர் திறந்திருக்கிறார்கள் என்று நூலகத்தில் கேளுங்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்ஐஎச்) நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகள், 2008-இல் அமலுக்கு வந்த விதியின்படி, பப்மெட் சென்ட்ரல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். எச்ஐவி துறையில் அவை கணிசமானவை.