புதுப்பிப்பு: பள்ளிக் கூட்டத்திற்கு உடன் வர ஒருவர் கிடைத்தார்

ஆட்டிசம் உள்ள என் மகனுக்காகப் பள்ளியில் நடக்கும் கூட்டங்களில், எதிரே ஐந்தாறு பேர் இருக்க நான் தனியாக அமர்ந்து, சொல்ல நினைத்ததில் பாதியை விட்டுவிட்டு வருவதாகவும், எங்கள் பக்கம் பேச ஒருவரை எப்படித் தேடுவது என்றும் முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

முதலில் கட்டணம் பெறும் ஆலோசகர் ஒருவரை அணுகினேன். அவர் வழக்குத் தொடுப்பதைப் பற்றியே பேசியதால் அது ஒத்துவரவில்லை. பெற்றோர் ஆதரவுக் குழுவில் விசாரிக்கச் சொன்ன யோசனைதான் பலன் தந்தது. அங்கே, தம் மகளுக்காக இதே போன்ற கூட்டங்களைப் பல ஆண்டுகள் சந்தித்த ஒரு தாயார், கட்டணமின்றி வர இசைந்தார். அவர் வருவதைப் பள்ளிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தோம். மறுப்பு எதுவும் வரவில்லை.

நான் எதிர்பாராதது, கூட்டத்தில் அவர் மிகக் குறைவாகவே பேசியது. வாதாடுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ குறிப்பெடுத்துக்கொண்டு, "கவனித்துக்கொள்கிறோம்" என்று பொதுவாகச் சொல்லப்பட்டபோதெல்லாம், யார் செய்வார், எந்த நாளிலிருந்து, வாரத்திற்கு எத்தனை முறை என்று மட்டும் கேட்டார். இரைச்சல் மிகும் நேரங்களில் ஒதுங்கியிருக்க அமைதியான இடம், நாளின் வேலைகளைக் காட்டும் பட அட்டவணை ஆகிய இரண்டும் அப்படித்தான், மகனுக்குப் பள்ளி செய்ய வேண்டிய உதவிகளைக் குறிக்கும் திட்டத்தில் எழுத்தாக ஏறின. அன்று மாலையே முடிவுகளைத் தொகுத்து மின்னஞ்சல் அனுப்பி, பள்ளியின் ஒப்புதலையும் பெற்றோம். வகுப்பில் தனி உதவியாளர் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிப்போயிருக்கிறது.