கேட்டு வாங்கப்படாத குரல்கள்: திரைத்துறையில் செயற்கை நுண்ணறிவு, உறுப்பினர் அனுபவங்கள்

டிராக் பாடகர், சென்னை:

செயற்கை நுண்ணறிவு திரையிசைக்குள் வந்த கதையை யார் சொன்னாலும் மறைந்த பாடகர்களிடமிருந்தே தொடங்குகிறார்கள். 'லால் சலாம்' படத்துக்காக 2024 ஜனவரியில் வெளியான 'திமிறி எழுடா' பாடலில் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் மீண்டும் ஒலித்தபோது நானும் நெகிழ்ந்துதான் போனேன். இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று உரிய ஊதியத்தையும் அனுப்பியதாக ஏ.ஆர். ரகுமான் வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டில் 'கோட்' படத்துக்காக யுவன் சங்கர் ராஜா தம் சகோதரி பவதாரிணியின் குரலையும், 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாடலுக்காக அனிருத் 2011-இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலையும் இதே வழியில் கொண்டுவந்தார்கள். பின்னதில் வாசுதேவனின் மகன் யுகேந்திரனின் பெயரும் பாடகர் பட்டியலில் இருக்கிறது. இங்கெல்லாம் கேட்பதற்கு ஒரு குடும்பம் இருந்தது. சொல்வதற்கு ஒரு பெயரும் இருந்தது. பெயர் இல்லாத குரல்களுக்கு என்ன நடக்கிறது என்பதே என் கேள்வி. டிராக் பாடுகிறவர்கள், கோரஸில் நிற்கிறவர்கள், கூட்டக் காட்சிகளுக்குக் குரல் கொடுக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் நல்லது. முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

டிராக் பாடுவது என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இசையமைப்பாளர் மெட்டைச் சொற்கள் இல்லாமல் தத்தகாரத்தில் பாடி வைத்திருப்பார். பாடல் வரிகள் வந்ததும், அவற்றை முழுமையாகப் பாடிக் காட்ட ஒருவர் வேண்டும். இயக்குநர் கேட்டு ஒப்புக்கொள்வதும், புகழ்பெற்ற பாடகர் வந்து காதில் வாங்கிக்கொண்டு பாடுவதும் இந்தப் பிரதியைத்தான். பெரும்பாலும் எங்கள் குரல் அத்துடன் அழிந்துவிடும். ஆனால் எப்போதாவது, 'இதுவே நன்றாக இருக்கிறது, இப்படியே இருக்கட்டும்' என்று இயக்குநர் சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பலரும் ஆண்டுக்கணக்கில் வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் நடையாய் நடக்கிறோம்.

கடந்த சில ஆண்டுகளில் இந்த அழைப்புகள் குறைந்தன. பாட்டே குறைந்துவிட்டதோ என்று எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், ஓர் இளம் இசையமைப்பாளரின் அறையில் விடை கிடைத்தது. அவரே பாடிய ஒரு பல்லவியை, தாம் மனதில் வைத்திருக்கும் முன்னணிப் பாடகரின் குரல் நிறத்துக்கு மாற்றி இயக்குநருக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பாடகருக்கு இது தெரியுமா என்று நான் கேட்டேன். படத்தில் வரப்போவதில்லையே, மாதிரிக்குத்தானே என்றார். அவர் சொன்னது பொய்யன்று. மாதிரி காட்டுவதுதான் என் தொழில் என்பது மட்டும் அவருக்கு அந்தக் கணத்தில் தோன்றவில்லை.

அதன்பின் வேறோர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. மறைந்த பாடகர் ஒருவரின் குரலில் ஒரு பாடல் வேண்டும், அதற்கு அடியில் நான் பாட வேண்டும் என்றார்கள். குடும்பத்தின் அனுமதி கையில் இருப்பதாகவும் சொன்னார்கள். என் வழக்கமான அசைவுகளைக் குறைத்து, அவர் சொற்களை எங்கே முறிப்பார், எங்கே மூச்சு வாங்குவார் என்று பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டுப் பாடினேன். மாற்றப்பட்ட பாடலை ஒலிக்கவிட்டபோது குரல் அவருடையதாகவே இருந்தது. ஆனால் சரணத்தின் நடுவில் வரும் இழைப்பும், கடைசி அடிக்கு முன் நான் திருட்டுத்தனமாக வாங்கிய மூச்சும் என்னுடையவை. அவற்றை எந்தக் கருவியும் மாற்றியிருக்கவில்லை. பாடகர் பட்டியலில் அவர் பெயர் வந்தது, என் பெயர் வரவில்லை. ஊதியம் வழக்கமான டிராக் ஊதியம்தான். கையெழுத்திட்ட தாளில், பதிவை 'எல்லா வடிவங்களிலும் எல்லாக் காலத்துக்கும்' பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. அது பழைய காலத்திலிருந்தே இருக்கும் வரிதான். அன்று அதற்கு ஒலிநாடா, குறுந்தகடு, இணையம் என்று மட்டுமே பொருள் இருந்தது.

ஒலிப்பதிவுப் பொறியாளர், சென்னை:

மேலே நண்பர் சொன்ன மூச்சு விஷயம் முற்றிலும் உண்மை. அது ஏன் என்பதை விளக்கினால் இந்தப் பேச்சுக்கு உதவும் என்று நினைக்கிறேன். இப்போது நம் ஸ்டுடியோக்களில் பயன்படும் முறை பெரும்பாலும் குரல் மாற்றம்தான். எழுத்தைக் கொடுத்தால் எந்திரமே பாடிவிடும் முறை அன்று. பாடுகிறவரின் சுருதி, கால அளவு, உச்சரிப்பு, கமகம் எல்லாம் அப்படியே நிற்க, குரலின் நிறம் மட்டும் இன்னொருவருடையதாக மாறுகிறது. எனவே சுமாராகப் பாடியதை எந்திரம் நன்றாக ஆக்கித் தராது. ஒரு பெரிய பாடகரின் குரலில் சுமாரான பாட்டு கிடைக்கும், அவ்வளவுதான். அடியில் பாடுகிறவர் அந்தப் பாடலின் பாடகர் என்பதில் தொழில்நுட்ப ரீதியாக எனக்கு ஐயமே இல்லை.

ஒருவரின் குரல் நிறத்தைக் கற்றுக்கொள்ளும் மென்பொருளை மாதிரி என்கிறோம். அதைப் பயிற்றுவிக்க, பாடகரின் தனிக் குரல் வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பதிவான பாடல்களுக்குத் தனிக் குரல் தடம் கிடைப்பது அரிது. பல பாடல்கள் இசைக் குழுவும் பாடகரும் ஒரே வேளையில் இருந்து பதிவு செய்தவை. பல தடங்கள் இருந்த இடத்திலும் மூல நாடாக்கள் எல்லாம் பத்திரமாக இல்லை. கலவையிலிருந்து குரலை மட்டும் உரித்தெடுக்கும் மென்பொருள்கள் 2019 வாக்கில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும் நிலைக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் இதெல்லாம் எளிதாயிற்று. உரித்தெடுத்த குரலில் வயலினின் எச்சமோ எதிரொலியோ ஒட்டியிருந்தால், மாதிரி அதையும் குரலின் இயல்பாகக் கற்றுக்கொள்ளும். சில மீட்டெடுத்த குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் எல்லாவற்றையும் பறிப்பு என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. படம் வெளியாவதற்கு முந்தைய இரவு தணிக்கைக்காக ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்கும், நடிகர் வெளிநாட்டில் இருப்பார். முன்பெல்லாம் அந்த இடத்தை மௌனமாக்குவோம், அல்லது குரல் ஒத்த ஒருவரைக் கொண்டு ஒப்பேற்றுவோம். இப்போது நடிகரிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் ஒப்புதலுடன் அந்த ஒரு சொல்லை அவர் குரலிலேயே உருவாக்குகிறோம். இதில் யாருக்கும் நட்டமில்லை. அந்தக் குரல் ஒத்தவருக்கு இருந்த ஒரு சிறு வேலை போயிற்று என்று இங்கே யாராவது சொல்லலாம். சொன்னால் மறுக்க மாட்டேன்.

டப்பிங் கலைஞர், சென்னை:

அந்தக் 'குரல் ஒத்தவர்' நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவள் அல்லள். பேருந்து நடத்துநர் அதட்டும்போது பின்னால் முணுமுணுக்கும் பெண்ணுக்கும், மருத்துவமனைச் செவிலிக்கும், கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கும் குரல் கொடுத்தவள். கிரவுட் வாய்ஸ் என்று சொல்வோம். ஒரே மைக்கைச் சுற்றி ஆறேழு பேர் நின்றுகொண்டு, ஆளுக்கொரு வழக்கில், கேட்டும் கேட்காததுமாகப் பேசுவோம். மதுரைக்காரர் ஒருவர் கருவாடு விலை பேசுவார், நான் நாத்தனாரைத் திட்டுவேன். யாருக்கும் சொல் விளங்காது, ஆனால் அது சந்தையா சாவு வீடா என்பது விளங்கிவிடும். இந்த வேலைக்கு இப்போது பழைய கூட்டப் பதிவுகளையே வெட்டி ஒட்டி, குரல்களை மாற்றிப் பெருக்கிவிடுகிறார்கள். பழைய பதிவுகளில் இருப்பவர்களும் நாங்கள்தான் என்பதால், எங்களுக்குப் போட்டியாக எங்களையே நிறுத்தியிருக்கிறார்கள்.

வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழாக்கும் இடத்தில் மாற்றம் வேறு விதமாக இருக்கிறது. எந்திரம் பேசிய முதல் படியைக் கேட்டு, தவறான இடங்களை மட்டும் நான் பேசித் திருத்த வேண்டும் என்றார்கள். எந்திரத்தின் பாத்திரங்கள் எல்லோரும் செய்தி வாசிப்பதுபோல் பேசினார்கள். திருடன் துரத்தப்படும்போதும் வினைமுற்றைத் தவறாமல் முடித்தான். மனைவி கணவனை ஒரு காட்சியில் ஒருமையிலும் அடுத்த காட்சியில் பன்மையிலும் அழைத்தாள். எழுதும் தமிழும் பேசும் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில், யார் யாரிடம் எப்படிப் பேசுவார்கள் என்பது வசனத்தாளில் இருப்பதில்லை. அது பேசுகிறவரின் வாழ்க்கையிலிருந்து வருகிறது. நான் ஏறக்குறைய எல்லா வரிகளையும் மறுபடி பேசினேன். ஆனால் வேலையின் பெயர் திருத்தம் என்பதால், திருத்தத்துக்கான தொகைதான் கிடைத்தது. என் திருத்தங்கள் எல்லாம் அந்த எந்திரத்துக்கே மறுபடி பாடமாகப் போகுமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

திரையரங்கப் பார்வையாளர், கோயம்புத்தூர்:

நான் துறையைச் சேர்ந்தவன் அல்லன். 2013-இல் வந்த 'ராஞ்சனா' படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', 2025 ஆகஸ்டு முதல் தேதி மறுவெளியீடானபோது பார்க்கச் சென்றேன். மூலப் படத்தில் நாயகன் இறந்துவிடுவான். மறுவெளியீட்டில் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் அவன் கண்விழித்து எழுகிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பதும், உரிமை தம்மிடமே இருப்பதாகத் தயாரிப்புத் தரப்பு வாதிட்டது என்பதும் எல்லோரும் அறிந்தவை. என் அருகில் இருந்த இளைஞர்கள் சிலர் கைதட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். எனக்கு உறுத்தியது, அந்தக் கண்விழிப்பை எந்த நடிகரும் நடிக்கவில்லை என்பதுதான். தனுஷுக்கே ஒப்பந்தத்தின் ஒரு வரி இவ்வளவு செய்யும் என்றால், இங்கே மேலே எழுதியவர்களின் நிலையைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

டிராக் பாடகர், சென்னை:

அனைவருக்கும் நன்றி. சட்டம் என்ன சொல்கிறது என்று தனிப்பட்ட முறையில் இருவர் கேட்டிருந்தார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் உரிமை என்று ஒன்று உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின் அது வலுவாகவும் ஆயிற்று. ஆனால் அது காப்பது பாடிய பாட்டை. பாடுகிறவரின் குரல் நிறத்தைப் பற்றி அதில் தெளிவாக எதுவும் இல்லை. அந்த இடைவெளியை நீதிமன்றங்கள் நிரப்புகின்றன. 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றிப் போலி செய்யும் கருவிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைக் கேட்காமல் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் குடும்பம் சட்ட அறிவிப்பு அனுப்பியது. இவை புகழ்பெற்றவர்களின் குரல்களுக்காக எடுத்த நடவடிக்கைகள். 'இந்தக் குரல் இன்னாருடையது என்று மக்களுக்குத் தெரியும்' என்பதே அவர்களின் வாதத்துக்கு அடிப்படை. என் குரல் யாருடையது என்று மக்களுக்குத் தெரியாது. எனவே எனக்கு அந்த வழி எளிதாகத் திறக்காது.

அமெரிக்க நடிகர் சங்கம் 2023-இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, எண்ணிமப் பிரதி (நடிகரின் உருவத்தையோ குரலையோ கணினியில் நகலாக்குவது) எடுப்பதற்கு ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது. கூட்டக் காட்சிகளில் நிற்கும் துணை நடிகர்களுக்கும் அது பொருந்தும் என்பதுதான் என் கவனத்தை ஈர்த்தது. புகழைச் சார்ந்து நில்லாத பாதுகாப்பு அது. நம் சங்கங்களிலும் இதைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதுவரை என்னால் ஆனது இது: கையெழுத்திடும் தாளில் 'இப்பதிவு இந்தப் பாடலுக்கு மட்டுமே, குரல் மாதிரி பயிற்றுவிக்கப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரியை எழுதிச் சேர்க்கிறேன். சிலர் ஒன்றும் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறார்கள். ஓரிடத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பொறியாளரிடம் ஒரு கேள்வி: ஏற்கெனவே கொடுத்த பதிவுகளை ஒரு மாதிரியிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்க முடியுமா?

ஒலிப்பதிவுப் பொறியாளர், சென்னை:

கேட்கலாம், ஆனால் பயிற்சி முடிந்த மாதிரியிலிருந்து ஒருவருடைய பங்கை மட்டும் பிரித்து எடுக்கும் நம்பகமான வழி எனக்குத் தெரிந்து நடைமுறையில் இல்லை. மூலப் பதிவை நீக்கிவிட்டு, மாதிரியைத் தொடக்கத்திலிருந்து மறுபடி பயிற்றுவிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவை யாரும் விரும்பி ஏற்க மாட்டார்கள். எனவே தாளில் நீங்கள் சேர்க்கும் வரியுடன், 'பணி முடிந்தபின் தனிக் குரல் தடம் அழிக்கப்படும் அல்லது கலைஞரிடம் ஒப்படைக்கப்படும்' என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடலில் கலந்துவிட்ட குரலை யாரும் பிற்பாடு உரித்தெடுக்க முடியும் என்பது உண்மைதான். ஆனாலும் தனித் தடம் கிடைப்பவருக்குத்தான் வேலை எளிது. கோரஸ் பாடுகிறவர்களும் இதைக் கேட்க வேண்டும், ஏனெனில் அவர்களின் தனித்தனித் தடங்கள்தான் ஸ்டுடியோ வன்தட்டுகளில் பெயர் குறிக்கப்படாமல் அதிகம் கிடக்கின்றன. என்னுடைய வன்தட்டிலும் கிடக்கின்றன. யாருடையவை என்று குறித்துவைக்கும் வேலையை இந்த வாரம் தொடங்கியிருக்கிறேன். பழைய கால்ஷீட் குறிப்புகள் வைத்திருப்பவர்கள் தேதியுடன் எழுதினால் உதவியாக இருக்கும்.