கைக்குழந்தை, 6 வயசுப் பையன், மாமியாரோட திறந்தவெளி உணவு-இசைத் திருவிழா: என்னென்ன பார்த்துக்கணும்?

மரநிழல்:
வர்ற ஞாயிறு மைதானத்துல விழா, காலை 11 மணியிலிருந்து ராத்திரி 9 வரைக்கும். ஒரு பக்கம் பெரிய மேடை, எதிர்ப்பக்கம் உணவுக் கடைகள். நடுவுல புல்தரை, நிழல் குறைவு. நாங்க ரெண்டு பேர், 8 மாசக் குழந்தை, 6 வயசுப் பையன், 70 வயசு மாமியார் (பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை ரெண்டும் உண்டு). கேள்விகள்: குழந்தை காதுல பஞ்சு வச்சா போதுமா? எங்க உட்காரணும்? கடைச் சாப்பாட்டுல எதை வாங்கலாம், எதை விடலாம்? பையன் கூட்டத்துல நழுவிட்டா என்ன பண்றது? "ஜாக்கிரதையா இருங்க"ன்னு பொதுவா வேண்டாம், விவரமா சொல்லுங்க.

ஒலிமேசை:
பஞ்சு போதாது. சத்தத்தை அது கொஞ்சம்தான் குறைக்கும், ஆனா காதை மூடியாச்சுங்கிற தைரியத்துல ஸ்பீக்கர் பக்கத்துலயே உட்கார்ந்துடுவோம். ஆபத்து அதுலதான்.

முதல்ல கணக்கு. குழந்தைகளுக்கு வாரத்துக்கு 75 டெசிபல்ல 40 மணி நேரம்ங்கிறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை (பெரியவங்களுக்கு 80). ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்குல 90 டெசிபல்ல ஒண்ணேகால் மணி நேரம், 99ல பத்து நிமிஷம்கூட இல்ல. அதுவும் ஒரு வாரத்துக்கே அவ்வளவுதான். இசை அரங்குகளுக்கு அதே நிறுவனம் 2022ல வச்ச உச்ச வரம்பு, 15 நிமிஷ சராசரியா 100 டெசிபல். அதாவது விதிப்படி நடக்கிற நிகழ்ச்சியில கூட முன்வரிசை குழந்தைக்கு இடமில்ல.

அதனால காதுமூடியை விட இடம்தான் முக்கியம். "பின்னாடி போனா சத்தம் குறையும்"ங்கிறது பாதி உண்மை. சின்ன ஸ்பீக்கர்னா தூரம் ரெண்டு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். பெரிய மேடையில வாழைத்தார் மாதிரி தொங்குற ஸ்பீக்கர் வரிசை இருந்தா, கிட்டத்துல அந்தக் குறைவு 3 டெசிபல்தான். மைதானத்தோட நடுவுல தனிக் கம்பத்துல இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் நின்னா கவனிங்க. பின்வரிசைக்குச் சத்தம் போய்ச் சேரணும்னுதான் அதை வைக்கிறாங்க. அதுக்கு முன்னாடி விரிப்பைப் போட்டா மேடை முன்னாடி உட்கார்ந்ததுக்குச் சமம்.

இன்னொண்ணு, பேஸ், அதாவது நெஞ்சுல அதிர்ற தாழ்ந்த சத்தம். மேடையோட ரெண்டு ஓரத்துலயும் பேஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தா, மைதானத்தோட நடுக்கோட்டுல ரெண்டும் சேர்ந்து இடிக்கும். காதுமூடி கீச்சுச் சத்தத்தை நல்லா தடுக்கும், பேஸை அவ்வளவா தடுக்காது. குழந்தை காதுமூடியோட இருந்தும் திடுக்திடுக்னு முழிக்கிறதுக்கு இது ஒரு காரணம். ஆகவே மேடைக்கு எதிர்ல இருக்கிற ஒலிக் கட்டுப்பாட்டுக் கூடாரத்தைத் தாண்டி, நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டுல நல்லா ஒதுங்கி உட்காருங்க. கை நீட்டுற தூரத்துல இருக்கிறவர்கிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தா அது ஏறத்தாழ 85 தாண்டிடுச்சுன்னு அர்த்தம். எழுந்து நகர வேண்டியதுதான். போன் செயலி காட்டுற எண்ணை அப்படியே நம்பாதீங்க, ரெண்டு இடத்துல எது குறைவுன்னு ஒப்பிட மட்டும் அது போதும்.

காதுமூடி வாங்கும்போது:
கைக்குழந்தைக்குத் தலையைச் சுத்தி வர்ற மெத்துன்னு எலாஸ்டிக் பட்டை வகை. கெட்டிப் பட்டை வகை பையனுக்கு. உறையில எஸ்என்ஆர் (எத்தனை டெசிபல் தடுக்கும்ங்கிற அளவு) 25ன்னு போட்டிருந்தா நிஜத்துல அதுல பாதியைத்தான் நம்பணும், ஏன்னா அது சரியா பொருந்தின தலையில அளந்தது. தொப்பி ஓரம், கண்ணாடிக் காம்பு, தலைமுடி எது நடுவுல மாட்டினாலும் ஓட்டை. மெத்தை காதை முழுசா மூடணும், காது மடல் மேல உட்காரக்கூடாது. ஸ்பஞ்சு அடைப்பான் கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், பிடுங்கி வாயில போட்டா மூச்சு அடைச்சிடும். பையனுக்கு வீட்டுல ரெண்டு நாள் போட்டுப் பழக்குங்க, விழாவுல முதல்தடவையா மாட்டினா பத்து நிமிஷத்துல கழட்டிடுவான். மணிக்கொருதரம் அமைதியான ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு பேருக்கும் கழட்டிவிடுங்க, வியர்க்கும்.

பெரியஅடுப்பு:
சாப்பாடு விஷயத்துக்கு நான் வர்றேன். சூடானது 60 டிகிரிக்கு மேல, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ இருக்கணும். நடுவுல இருக்கிறது கிருமிக்குத் தொட்டில். தெர்மாமீட்டர் எடுத்துட்டுப் போக முடியாது, அதனால கடையைப் பாருங்க: உங்க கண்ணு முன்னாடி அடுப்புல இருந்து இறங்குதா, இல்ல வெந்நீர்த் தொட்டியில வச்ச தட்டுல இருந்து எடுக்கிறாங்களா? வெந்நீர்த் தொட்டி சூட்டைக் காப்பாத்தும், ஆறினதை மறுபடி சூடாக்கச் சக்தி போதாது. மூடி இல்லாம, ஆவி வராம இருந்தா நகர்ந்துடுங்க. காசு வாங்குற கையே சாப்பாட்டையும் தொடுற கடையையும் விட்டுடலாம்.

காலையில வடிச்சு வெளியில வச்ச சோத்தைச் சாயங்காலம் வறுத்துத் தர்றது தனி ஆபத்து. பேசில்லஸ் செரியஸ் கிருமியோட வித்து சமைச்சாலும் சாகாது, சோறு வெதுவெதுன்னு கிடக்கும்போது பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்ப வறுத்தாலும் போகாது. "கொதிக்கக் கொதிக்கத்தானே தர்றாங்க"ங்கிறது இங்க எடுபடாது.

நேரம்: கடை திறந்ததும், 12 மணிக்கு முன்னாடியே மதியச் சாப்பாட்டை முடிச்சிடுங்க. மூணு மணிக்கு மேல கூட்டம் குறைஞ்சு பண்டம் தேங்கி நிக்கும், அப்போ வாங்கினா செஞ்சு தரச் சொல்லி வாங்குங்க. ராத்திரிக்கு, முக்கியமான கச்சேரி ஆரம்பிச்சு இருபது நிமிஷம் கழிச்சுப் போனா வரிசை சின்னதா இருக்கும்.

பாட்டில் குளிர வச்ச தொட்டி ஐஸைக் கிளாஸ்ல போட்டுத் தர்ற கடையில ஜூஸ் வேண்டாம். கொட்டை ஒவ்வாமை யாருக்காவது இருந்தா பொரிச்ச பண்டம் எதுவும் வேண்டாம், எண்ணெயும் கரண்டியும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். தேன் கலந்த இனிப்பு ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு நக்குற அளவுகூடக் கூடாது. முழுத் திராட்சையை நீளவாக்குல நாலா கீறித் தாங்க, பையன் குதிச்சிக்கிட்டே சாப்பிடக்கூடாது.

பவுடர் பால்னா முன்கூட்டியே கலந்து எடுத்துட்டுப் போகாதீங்க. அளந்த பவுடர் தனி டப்பாவுல, 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீர் நல்ல பிளாஸ்க்ல. அங்கேயே கலந்து, ஆற வச்சுக் கொடுங்க. கலந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடிக்கணும், வாய் வச்சு மிஞ்சினதை ஒரு மணி நேரத்துல கொட்டிடணும்.

கைவிளக்கு:
பையன் கையில ஒரு பழைய போனைக் கொடுத்துட்டா நழுவுற பிரச்சினையே முடிஞ்சுதே?

முதலுதவிக்கூடாரம்:
முடியாது கைவிளக்கு. ஒரே கோபுரத்துல ஆயிரக்கணக்கான போன் தொங்கும்போது முதல்ல படுக்கிறது டேட்டாதான், பேச்சு அழைப்பும் திணறும். குறுஞ்செய்தி பல நேரம் போய்ச் சேரும், ஆனா ஆறு வயசுப் பையன் அழுதுக்கிட்டே அதைத் தட்டச்சு செய்ய மாட்டான். (ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுறதும் இப்படித்தான் படுக்கும். சில்லறை எடுத்துட்டுப் போங்க.)

செய்ய வேண்டியது: அவன் மணிக்கட்டு உள்பக்கம் உங்க ரெண்டு பேர் எண்ணையும் பால்பாயிண்ட் பேனாவால எழுதி, மேல ஒளிபுகும் பிளாஸ்டர் ஒட்டுங்க, இல்லன்னா வியர்வையில அழியும். சட்டை வெளியில பெயர் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டா தெரிஞ்சவங்கன்னு நம்பிடுவான். வாசல்ல நுழையும்போதே அன்னைக்குப் போட்ட உடுப்போட முழுப் படம் ஒண்ணு எடுத்துக்குங்க. தேடும்போது "நீலமா, பச்சையா"ன்னு நினைவு வராது. அவனுக்கு ரெண்டே பாடம்: காணோம்னு தெரிஞ்சதும் நின்ன இடத்துலயே நில்லு. யாராவது வேணும்னா அடையாள அட்டை போட்டவங்க, இல்ல குழந்தையோட இருக்கிற அம்மாகிட்ட கேளு. சந்திக்கிற இடம் அசையாத பொருளா, ராத்திரியும் தெரியுறதா இருக்கணும். "மேடைக்குப் பக்கத்துல" சரிவராது. தவறிட்டா ஒருத்தர் அங்கேயே நிக்கணும், இன்னொருத்தர் வந்த வழியே திரும்பித் தேடணும். ஊழியர்கிட்ட அந்த நிமிஷமே சொல்லிடுங்க, பத்து நிமிஷம் நாமளே பார்த்துட்டுச் சொல்லலாம்னு நினைக்கிறதுதான் தப்பு.

மாமியாருக்கு: நீர் மாத்திரையோட நேரத்தை மாத்தலாமான்னு இந்த வாரமே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பாத்ரூம் தூரம்னு தண்ணி குடிக்காம இருப்பாங்க, வெயில்ல மயக்கம் வர்றது அப்படித்தான். முதுகு சாயுற மடக்கு நாற்காலி போடுங்க, உட்கார்ந்து எழும்போது ஒரு நிமிஷம் நின்னு நடக்கட்டும். ஓஆர்எஸ்ல உப்பு இருக்கு, அதனால பிரஷர்காரங்களுக்கு அதைச் சாதாரணப் பானமா கொடுக்காதீங்க. குழப்பமா பேசினா, உடம்பு கொதிச்சா, அது களைப்பு இல்ல, வெப்பத் தாக்கு. நிழல்ல படுக்க வச்சு, தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்.

குழந்தை வண்டி மேல துணி போர்த்தாதீங்க. மெல்லிய துணின்னாலும் உள்ள காத்து ஓடாம சூடு ஏறும். குடையைச் செருகுங்க. 11 மணிக்குப் போய் ராத்திரி 9 வரைக்கும் இருக்கிறது இந்தக் குடும்பத்துக்கு அதிகம்னு என் கருத்து. முற்பகல் ரெண்டு மணி நேரம், இல்ல நாலு மணிக்கு மேல மூணு மணி நேரம்.

மரநிழல்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நாலு மணிக்கு மேலன்னே வச்சுக்கிறோம். சாயங்காலம் இடி மழை வரலாம்னு சொல்றாங்க. கடைக் கூடாரத்துல ஒதுங்கினா போதுமா?

ஒலிமேசை:
மழைக்குப் போதும், மின்னலுக்குப் போதாது. கூடாரம், மேடைக் கூரை, மரம், இரும்புத் தடுப்பு எதுவுமே பாதுகாப்பில்ல. மின்னல் தெரிஞ்சதிலிருந்து இடி கேட்கிற வரைக்கும் எண்ணுங்க, 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30க்குள்ள வந்தா கட்டடத்துக்குள்ளயோ, இரும்புக் கூரை உள்ள கார்ல கண்ணாடியை ஏத்திக்கிட்டோ உட்காரணும். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் வெளியில வர வேண்டாம்.

இன்னொண்ணு: எப்போ கிளம்பினாலும் கடைசிப் பாட்டு முடியுற வரைக்கும் நிக்காதீங்க, அதுக்கு முந்தின பாட்டுலயே எழுந்துடுங்க. வாசல்ல குழந்தை நெஞ்சோட கட்டின பையில, முகம் தெரியுற மாதிரி இருக்கட்டும். வண்டியை மடக்கிடுங்க. ரெண்டு தோளும் வேற ஆள் மேல இடிக்க ஆரம்பிச்சா எதிர்த்துத் தள்ளாம, கூட்டத்தோட போய்க்கிட்டே குறுக்குச் சாய்வா ஓரத்துக்கு நகருங்க. பையனைத் தூக்கிக்குங்க.