மறு: ‘யூனிபார்ம் பிளேட்’ – படைக்கோலத் தாள் என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

படைவீரர்களைச் சிற்றுருவாக (மினியேச்சராக) செய்து வண்ணம் தீட்டுபவர்கள் பார்த்துச் செய்யும் படத்தாளை, அதாவது ஒரு வீரனின் உடையையும் ஆயுதத்தையும் நுணுக்கமாகக் காட்டும் தாளை, ஆங்கிலத்தில் ‘யூனிபார்ம் பிளேட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘சீருடைத் தகடு’, ‘சீருடைத் தாள்’, ‘ராணுவ உடை ஓவியம்’ என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. தகடு வேண்டாம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் ‘பிளேட்’. இன்று நம் கையில் இருப்பது தாள்தான். என் தயக்கம் ‘சீருடை’யில்.

> யூனிபார்ம் என்றால் சீருடைதானே? அதோடு முடித்துவிடலாமே?

முடியாது என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் ஒரு படை முழுவதும் ஒரே உடை என்ற வழக்கம் 17ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெறத் தொடங்கியது. 1645இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் திரட்டிய புதுப்படையின் சிவப்புக் கோட்டு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் சிற்றுருக் கலைஞர்கள் மேசையில் விரித்து வைத்துக்கொள்ளும் தாள்கள் காட்டும் படைகள் அதற்கும் வெகு முந்தைய காலத்திலிருந்தே தொடங்குகின்றன. ஓவியர் ஆங்கஸ் மெக்பிரைட், ஆஸ்ப்ரே பதிப்பகத்தின் படை வரலாற்று நூல்களுக்காக மங்கோலியரை வரைந்தார், வைக்கிங்குகளை வரைந்தார், பைசாந்தியப் படைஞரை வரைந்தார். அவர்களில் யாருக்கும் இன்றைய பொருளில் சீருடை கிடையாது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பேர்கூட வேறு வேறு கவசத்தில் இருப்பார்கள். அந்தப் படத்தைச் ‘சீருடைத் தாள்’ என்றால் பொருளே தவறிவிடும்.

இன்னொன்று, அந்தத் தாள் உடையை மட்டும் காட்டுவதில்லை. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் கிரனேடியர் (தேர்ந்தெடுத்த காலாட்படை வீரன்) ஒருவனை 54 மில்லிமீட்டர் அளவில் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் சுலபம்: மார்பில் குறுக்காக இரண்டு வெள்ளைத் தோல்வார்கள். ஒன்று குறுவாளுக்கு, மற்றொன்று தோட்டாப்பெட்டிக்கு. உருவைத் திருப்பினால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. முதுகுப்பையின் வார் தோளில் எந்த வாருக்கு மேலே போகிறது? சுருட்டிய மேலங்கியை எத்தனை வாரால் கட்டியிருக்கிறார்கள்? தோட்டாப்பெட்டி இடுப்பில் எவ்வளவு கீழே தொங்குகிறது? பிரெஞ்சு ஓவியர் லூசியன் ரூஸ்லோ போன்றவர்களின் தாள்களை இன்றும் தேடி வாங்குவது இதற்காகத்தான். பிரெஞ்சுப் படையைப் பற்றி அவர் வரைந்த 106 தாள்களில் ஆள் நிற்பான், பக்கத்திலேயே பொத்தான், தொப்பிச் சின்னம், சேணம், வார்ப்பூட்டு எல்லாம் தனித்தனியாக விரிந்து கிடக்கும். 1890இல் தொடங்கி ஜெர்மன் ஓவியர் ரிச்சர்ட் க்னோட்டெல் வெளியிட்ட தாள்கள் ஆயிரத்தைத் தாண்டும்.

உடை, ஆயுதம், தோற்சாமான், குதிரையின் அணி, நிற்கும் தோரணை – இத்தனையையும் ஒரே சொல்லில் அள்ளத் தமிழில் ‘கோலம்’ இருக்கிறது. மணக்கோலம், தவக்கோலம் என்று நாம் தினமும் சொல்வதுதான். அதனால் என் பரிந்துரை: படைக்கோலம், படைக்கோலத் தாள், வரைபவர் படைக்கோல ஓவியர்.

> கோலம் என்றால் வாசலில் போடுவது என்று நினைத்துவிட மாட்டார்களா?

மணக்கோலத்தைக் கேட்டு யாரும் அரிசிமாவை நினைப்பதில்லை. முன்னால் வரும் சொல்லே பொருளைக் காட்டிவிடும்.

> ‘போர்க்கோலம்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே?

இதுதான் வலுவான கேள்வி. நானும் முதலில் அதைத்தான் எடுத்து வைத்தேன். ஆனால் போர்க்கோலம் என்றால் சண்டைக்குத் தயாரான நிலை. தாள்களில் பாதி அப்படி இருக்காது: அணிவகுப்பு உடை, பாசறையில் போடும் எளிய உடை, குழலூதியின் பகட்டான உடை என்றுதான் இருக்கும். படைக்கோலம் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அப்புறம், ‘ராணுவ ஓவியர்’ என்று எல்லாரையும் ஒரே பெயரில் சேர்ப்பதையும் விட்டுவிடலாம். நிகழ்ச்சியை வரைபவர் வேறு, கோலத்தைப் பதிபவர் வேறு. முன்னவருக்குப் போர்க்கள ஓவியர் சரியாக வரும். லேடி பட்லர் என்று அறியப்படும் எலிசபெத் தாம்சன் 1881இல் முடித்த ‘ஸ்காட்லாந்து ஃபாரெவர்!’ வாட்டர்லூப் போரில் பிரிட்டிஷ் குதிரைப்படை பாய்ந்ததைக் காட்டும் ஓவியம். அதில் சாம்பல் குதிரைகள் நேரே நம் முகத்தை நோக்கி முழுப் பாய்ச்சலில் வருகின்றன. வாட்டர்லூவில் முந்தின இரவு கொட்டிய மழையில் நிலம் சேறாகிக் கிடந்தது, அப்படிப் பாய்ந்திருக்க முடியாது. ஆனாலும் அந்த வேகத்தைச் சிற்றுருவில் பிடிக்க ஆசைப்படுபவருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. அந்தப் படத்தில் தெரியாத குதிரையின் பின்பக்கத்துக்கு மட்டும் அவர் படைக்கோலத் தாளிடம்தான் போயாக வேண்டும். இரண்டையும் நம்பலாம், ஆனால் வேறு வேறு காரியங்களுக்கு. பெயரிலேயே அந்த வேறுபாடு தெரிந்தால் புதிதாக வருபவருக்குப் பெரிய உதவி.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் மெய்சோனியே குதிரை ஓட்டத்தைப் படிக்கத் தன் நிலத்தில் தண்டவாளம் போட்டு, வண்டியில் உட்கார்ந்தபடி குதிரைக்குப் பக்கத்திலேயே ஓடினார். படத்துக்கு முன் சிறு குதிரைகளை மெழுகிலும் செய்து பார்த்தார். ஓவியரே சிற்றுருக் கலைஞராக இருந்திருக்கிறார்! அவருடைய மாணவர் எதுவார் தெதாய் உண்மையான சீருடைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர்களைப் போர்க்கள ஓவியர் என்றே சொல்வோம், படைக்கோலம் அறிந்தவர் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

‘மினியேச்சர்’ பற்றியும் ஒரு வார்த்தை. ‘சிற்றோவியம்’ வேண்டாம். முகலாயர் கால ஏட்டு ஓவியங்களுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. சிற்றுரு போதும். அடிப்பூச்சு மட்டும் அடித்து, வண்ணம் தீட்டாமல் நிற்கும் உருவுக்குப் புனையா உரு என்று வைக்க ஆசை. சங்க இலக்கியமான நெடுநல்வாடையில் வரும் ‘புனையா ஓவியம்’ என்பதற்கு வண்ணம் பூசாத கோட்டோவியம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். வண்ணம் தீட்டுமுன், அடர்நிற அடிப்பூச்சின்மீது மேலிருந்து வெளிச்சம் விழுவதுபோல் வெள்ளையை ஊதும் முறைக்கு உச்சியொளிப் பூச்சு.

சிற்றுருக்களை நிலக்காட்சியோடு சேர்த்து அமைக்கும் ‘டயோராமா’வை இன்னும் தொடவில்லை. ‘காட்சிப்பெட்டி’ என்றால், முன்பக்கம் மட்டும் திறந்து உள்ளே விளக்கு வைத்த வகைக்குத்தான் பொருந்துகிறது. நாலு பக்கமும் திறந்த வகைக்கு வேறு சொல் வேண்டும். ‘களக்காட்சி’ எப்படி? படைக்கோலத்துக்கு மறுப்பு இருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.