முகம் பார்க்காமலே பழகிய ரயில்வேக்காரர்கள்

ஸ்டேஷன் மாஸ்டர் (ஓய்வு), சேலம் கோட்டம்:

ரயில்வேயில் இருந்தேன் என்றதும் எல்லோரும் பாஸ் பற்றித்தான் கேட்கிறார்கள். பாஸ் நல்ல விஷயம்தான், பிள்ளைகளைக் காசி வரை கூட்டிப் போயிருக்கிறேன். ஆனால் அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து கூட வேலை பார்த்த ஆட்கள். அவர்களில் பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் பழக்கம்.

ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள சின்ன ஸ்டேஷன்களில் என் காலம் போனது. சென்னையிலிருந்து கோவைக்கும் கேரளாவுக்கும் போகிற வண்டிகள் பெரும்பாலும் இந்த வழிதான். ராத்திரியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அநேகமாக எதுவும் நிற்காது. நிற்காத வண்டிக்குத்தான் வேலை அதிகம். பக்கத்து ஸ்டேஷனில் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி, வாங்க வேண்டும், கேட்டை மூடச் சொல்ல வேண்டும், சிக்னல் கொடுக்க வேண்டும், அப்புறம் கொடியோ விளக்கோ எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்று வண்டி முழுசாகப் போகும் வரை பார்க்க வேண்டும்.

சிக்னலோடு இணைக்காத கேட்டாக இருந்தால், மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் போனில் சொன்னால் மட்டும் போதாது. தன்னிடம் இருக்கும் தாளிலிருந்து ஒரு எண் சொல்வார். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். சொன்ன எண்ணை அப்போதே கோடு போட்டு அடித்துவிட வேண்டும், மறுபடி அதைப் பயன்படுத்தக் கூடாது. நாளைக்கு ஏதாவது ஆனால் ‘சொன்னேன்’, ‘சொல்லவில்லை’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைவிட முக்கியம், தாளைப் பார்த்து எண்ணைப் படித்துச் சொல்லும்போது தூக்கக் கலக்கம் தெளிந்துவிடும். விடிகாலை மூன்று மணிக்கு அந்த எண்ணின் அருமை தெரியும்.

எங்கள் பக்கத்துக் கேட்டில் ராணுவத்தில் இருந்து வந்த ஒருவர் இருந்தார். “சார், கேட் மூடிப் பூட்டியாச்சு, நாற்பத்தேழு” என்று அணிவகுப்பில் சொல்வது போலச் சொல்வார். ஒருநாள் எண்ணைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார். “உடம்பு சரியில்லையா?” என்றேன். “லேசாக் காய்ச்சல் சார், பார்த்துக்கிறேன்” என்றார். குரல் நடுங்கியது. மேலே பேசி மாற்று ஆள் அனுப்பினோம். பல வருடம் கழித்து சேலத்தில் ஒருவரின் பணி ஓய்வு விழாவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யாரென்றே தெரியவில்லை. “தண்ணி வேணுமா சார்?” என்று வாயைத் திறந்தார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொருவர், தண்டவாளம் பிரியும் இடங்களைக் கவனிக்கும் எங்கள் பாயிண்ட்ஸ்மேன். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வண்டி கடக்கும்போது நான் இந்தப் பக்கம் நிற்பேன், அவர் எதிர்ப்பக்கம். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிய வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. முடிவதற்குள்ளேயே கத்தினார்: “சார், கருகல் வாடை வருது, நடுவுல ஒரு வேகன்!” எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் மூக்கை நம்பினேன். வாக்கி டாக்கியில் டிரைவரையும் கார்டையும் கூப்பிட்டு, கன்ட்ரோல் அறைக்கும் சொல்லி வண்டியை நிறுத்தினோம். ஒரு வேகனில் சக்கர அச்சின் முனையைத் தாங்கும் ஆக்ஸில் பெட்டி கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்துக் கிடந்தது. அப்படியே ஓடியிருந்தால் ஆக்ஸில் முறிந்து வண்டி தடம் புரண்டிருக்கும். அந்த வேகனைக் கழற்றிவிட்டு மீதி வண்டியை அனுப்பினோம். அவருக்கு அன்றைக்கு என்ன மரியாதை செய்தாலும் தகும். டீ குடித்துவிட்டு அடுத்த வண்டிக்கு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீமேன், பொறியியல் பிரிவு:

சார் சொன்ன குரல் பழக்கம்கூட எங்களுக்குக் கிடையாது. எங்களை டிரைவர் பார்ப்பதெல்லாம் ஒரு நொடி. கீமேன் வேலை என்றால், தன் பகுதித் தண்டவாளம் முழுக்க தினமும் நடந்து பார்ப்பது. போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். தோளில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புப் பச்சைக் கொடிகள், பையில் டெட்டனேட்டர் என்ற எச்சரிக்கை வெடி. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றிருந்தால் தட்டி உள்ளே விட வேண்டும், தளர்ந்த போல்ட்டை முறுக்க வேண்டும், வெல்டிங் இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும்.

வெயில் காலத்தில் இரும்பு விரிந்து லைன் நெளியப் பார்க்கும். மார்கழியில் நேர்மாறு, விடிகாலைக் குளிரில் சுருங்கி வெல்டிங்கில் விட்டுப்போகும். நான் ஒரு முறை அப்படி ஒரு முறிவைப் பார்த்தேன். விரல் நுழையும் அளவு இடைவெளி. அந்த இடத்தில் சிவப்புக் கொடி நட்டுவிட்டு வண்டி வரும் திசையில் ஓடினேன். 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளி விட்டு மூன்று வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் உடனே நிறுத்துவார். ஜல்லியில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் 1,200 மீட்டர் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். என்னை உட்காரச் சொல்லி, அவர் பிளாஸ்கிலிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தார். “தம்பி, பின்னாடி ஆயிரம் பேர் தூங்கிட்டிருக்காங்க” என்றார். பெயர் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மழைக்கால ராத்திரி ரோந்து இன்னொரு கதை. இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் கிளம்பி நடுவில் சந்திக்க வேண்டும். சந்தித்ததற்கு அடையாளமாக இருவரும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்வோம். கையில் ஜிபிஎஸ் கருவி கொடுத்த பிறகும், எனக்கு அந்தப் புத்தகம் மாற்றும் பழக்கம்தான் மனசுக்குப் பிடிக்கும். கொட்டுகிற மழையில் தூரத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் வரும் தெம்பு தனி.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். லைனில் வேலை பார்ப்பவர்கள் வண்டி மோதிச் சாவது இன்னும் நிற்கவில்லை. ஒரு லைனில் வண்டி போகும்போது அந்த இரைச்சலில் அடுத்த லைனில் வருவது காதில் விழாது. வளைவு என்றால் கண்ணிலும் படாது. என் கேங்கில் ஒருவரை அப்படி இழந்தோம். வேலை நடக்கும் இடத்தில் விசில் ஊதிக் காவல் நிற்க எப்போதும் ஒரு ஆள் வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று அதில் கை வைக்கவே கூடாது.

லோகோ பைலட், சரக்கு வண்டி:

கீமேன் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். உங்களை நாங்கள் ஒரு நொடிதான் பார்க்கிறோம், உண்மை. ஆனால் லைன் ஓரத்தில் நீங்கள் ஒதுங்கி நின்று கை காட்டினால்தான் எங்களுக்கு மூச்சு வரும். ஹாரன் அடித்தும் ஒதுங்காத ஆளைப் பார்க்கும் சில விநாடிகளை எந்த டிரைவரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் பாரம் ஏற்றிய வண்டி நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடித்தான் நிற்கும். என் வண்டியில் விழுந்தவர்களின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்றைக்கும் வண்டியைச் சேர வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் அழ முடியும்.

தூக்கம்தான் எங்கள் பெரிய எதிரி. எஞ்சினில் 60 விநாடிக்குள் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாவிட்டால் முதலில் விளக்கு மின்னும், அடுத்து பஸ்ஸர் அடிக்கும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். அதனால் ராத்திரி முழுக்க கை ஏதாவது செய்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சிக்னலையும் நானும் அசிஸ்டென்டும் கை நீட்டி வாய்விட்டுச் சொல்வோம். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்து ஊர் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு உண்டு. பகலில் பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவே தூங்க வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டில் மனைவி அழைப்பு மணியையே கழற்றிவிட்டாள்.

தேர்வு எழுதிக் காத்திருப்பவர்:

எனக்கு அசிஸ்டென்ட் லோகோ பைலட், ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. எதை எடுக்கலாம்?

ஸ்டேஷன் மாஸ்டர் (ஓய்வு):

தம்பி, முதலில் கண் டாக்டரிடம் போங்கள். லோகோ பைலட்டுக்கு ஏ-1 என்ற மருத்துவத் தகுதி வேண்டும், கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ-2, அங்கே 6/9 போதும். நிறம் பிரித்தறிவது இரண்டுக்குமே கட்டாயம். லேசர் சிகிச்சை செய்துகொண்டால் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மருத்துவத்தில் தள்ளிவிடுவார்கள். இரண்டு வேலைக்குமே கணினியில் மனத்திறன் தேர்வு உண்டு, அதற்கு இப்போதே பயிற்சி எடுங்கள். கண் நன்றாக இருந்து, வீட்டைவிட்டு வெளியூரில் தங்குவது உங்களுக்குப் பெரிதில்லை என்றால் லோகோவுக்குப் போங்கள், ஓடிய கிலோமீட்டருக்குத் தனிப் படி உண்டு, சம்பளம் கூடும். ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஆனால் ராத்திரி விழிக்க முடியும் என்றால் எங்கள் வேலை.