உதவி: பழைய புல்லட் 350-இல் வோல்ட் மீட்டர், ஆர்பிஎம் மீட்டர் மாட்டியதும் கரண்டே வரவில்லை

இரும்புக்குதிரை:
வண்டி காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட், 12 வோல்ட், சிபி பாயிண்ட் (ஸ்பார்க் வர காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் காண்டாக்ட்), நெகட்டிவ் எர்த் (பேட்டரி நெகட்டிவ் ஃபிரேமில் சேர்ந்தது). டூமில் (ஹெட்லைட் கூட்டில்) இருந்த ஆம்ப் மீட்டரைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் வோல்ட் மீட்டர் வைத்தாச்சு. ஆம்ப் மீட்டருக்கு வந்த அதே ரெண்டு ஒயரைத்தான் கொடுத்திருக்கு. ஹேண்டில்பாரில் தனியா ஒரு எலக்ட்ரானிக் ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது), பக்கத்திலேயே கேபிள் வகை ஸ்பீடோமீட்டர். மூணும் வெளிமார்க்கெட் சரக்கு. சாவி போட்டா வோல்ட் மீட்டர் 12 காட்டுது. ஆனா ஹாரன், லைட், ஸ்பார்க் எதுவும் இல்லை. ஃப்யூஸ் நல்லா இருக்கு. எங்கே பார்க்கணும்?

ஒயரிங்பித்தன்:
எங்கேயும் தேட வேண்டாம், அந்த ரெண்டு ஒயர்தான் காரணம். ஆம்ப் மீட்டர் சீரிஸில் இருக்கும். பேட்டரி கரண்ட் முழுக்க அதுக்குள்ளே நுழைந்துதான் சாவிக்கே போகும். வோல்ட் மீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் ரொம்ப அதிகம். அதை அந்த இடத்தில் வைத்தால் வழி அடைபட்ட மாதிரி. ஊசி மட்டும் 12-க்கு ஏறும், வேறெதுக்கும் கரண்ட் போகாது.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. அந்த ரெண்டு ஒயரையும் ஒண்ணா சேர்த்து நல்ல லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, சின்ன போல்ட் போட்டு இறுக்கி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றுங்க. வெறும் முறுக்கு, இன்சுலேஷன் டேப் கூடாது. மொத்த லோடும் அங்கேதான் ஓடுது, சூடாகும். வோல்ட் மீட்டரின் பாசிட்டிவை சாவிக்கு அப்புறம் வரும் ஒயரில் எடுங்க, நடுவில் 1 ஆம்ப் ஃப்யூஸ். நெகட்டிவ் எர்த்துக்கு. சாவிக்கு முன்னாடி எடுத்தா வண்டி நிற்கும்போதும் பேட்டரியை உறிஞ்சும்.

இன்ஜின் ஆஃபில் நல்ல பேட்டரி 12.6 சுமார் காட்டணும். ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் 13.8 முதல் 14.4. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்க. அப்படியே ஓட்டினால் பல்பும் பேட்டரியும் போயிடும்.

டூம்திறப்பான்:
இதோட இன்னொண்ணு. பழைய ஆம்ப் மீட்டரை மறுபடி போடுவீங்கன்னா, அதன் பின்பக்கம் ரெண்டு ஸ்டட் மொட்டையா நிற்கும். டூமை மூடும்போது ஹெட்லைட் ரிம்மிலோ கூட்டிலோ அது தொட்டால் ஒயரிங் கிட் மொத்தமும் புகையும். ரப்பர் மூடி இல்லாமல் விடாதீங்க. என்னைக் கேட்டா வோல்ட் மீட்டரே மேல். சார்ஜ் சரியா ஏறுதா என்று நேரா சொல்லிடும்.

இரும்புக்குதிரை:
ரெண்டு ஒயரையும் சேர்த்ததும் வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ஓட்டும்போது 14.1. ஆனா ஆர்பிஎம் மீட்டரில் மூணு தொல்லை. ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது) 450 தான் காட்டுது. வேகம் கூட்டினால் ஊசி குதிக்குது. ஹேண்டிலைத் திருப்பினாலும் ஊசி அசையுது. அப்புறம் ஸ்பீடோ: போன் ஜிபிஎஸ்ஸில் 60 போகும்போது இது 43 காட்டுது.

ஒயரிங்பித்தன்:
தம்பி, மூணுக்கும் மூணு காரணம்.

450 எப்படி வருதுன்னா, இந்த இன்ஜினில் சிபி பாயிண்ட் கிராங்க் வேகத்தில் பாதியில்தான் சுத்துது. ரெண்டு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க். மீட்டர் ஒரு சுற்றுக்கு ஒரு பல்ஸ் என்று எண்ணினால் பாதிதான் காட்டும். அப்போ உங்க உண்மையான ஐடில் 900. மீட்டர் பின்னால் சின்ன சுவிட்சோ, பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் செட்டிங்கோ இருக்கும். 0.5 பல்ஸ் வையுங்க. அந்த வசதியே இல்லைன்னா மாற்றிக் கேளுங்க, வேறு வழியில்லை. ஆர்எக்ஸ் 100 மாதிரி ஃப்ளைவீல் மேக்னெட்டில் ஸ்பார்க் எடுக்கும் டூ ஸ்ட்ரோக்குக்கு 1 சரி. கடையில் பெரும்பாலும் அந்த செட்டிங்கோடதான் தருவான்.

ஹேண்டில் திருப்பும்போது அசைந்தால் எர்த். மீட்டர் ஹேண்டில்பார் வழியா, கோன் செட்டில் (ஹேண்டில் திரும்பும் பேரிங்கில்) இருக்கும் கிரீஸ் வழியா எர்த் தேடுது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசியில் வைத்து ஒரு முனையை மீட்டர் பாடியிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்க. 0.1-க்கு மேல் வந்தால் தனி எர்த் ஒயர் இழுங்க, 1 சதுர மி.மீ. போதும். பெயிண்ட் மேல் வாஷர் வைத்து எர்த் எடுக்காதீங்க.

டூம்திறப்பான்:
குதிப்புக்கு: சிக்னல் ஒயரை எங்கே எடுத்திருக்கீங்க? இக்னிஷன் காயிலில் சாவியிலிருந்து வருவது ஒண்ணு, சிபி பாயிண்டுக்குப் போவது இன்னொண்ணு. சிபி பக்கம்தான் வேணும். சந்தேகம்னா டெஸ்ட் லேம்ப்பை எர்த்தில் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவா தள்ளுங்க, விளக்கு அணைந்து எரியும் முனை அதுதான். ஸ்பார்க் ஒயர் மேல் அஞ்சாறு சுற்று சுற்றி எடுக்கும் முறை, அதுக்குன்னு செய்த மீட்டரில் மட்டுமே நிற்கும்.

அப்புறம் சிக்னல் ஒயர் பிளக் ஒயரை ஒட்டிப் போகக்கூடாது. 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் பிளக் கேப் போடுங்க. சிபி பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்டில் நீலப் பொறி பளிச்சுன்னு அடித்தால் கண்டென்சர் (பாயிண்டில் பொறியை அடக்கும் பாகம்) போச்சு, அது இருக்கிற வரைக்கும் ஊசி நிற்காது.

ஒயரிங்பித்தன்:
இதையெல்லாம் செய்தும் ஆடினால் 10 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டரை சிக்னல் ஒயரில் சீரிஸில் சேருங்க. குதிக்கலைன்னாலும் போடுவதுதான் நல்லது. அதுவும் காயில் முனையிலேயே, மீட்டர் முனையில் இல்லை. ஏன்னா அந்த ஒயர் ஃபோர்க் இடுக்கில் உரசி, தோல் கிழிந்து ஃபிரேமைத் தொட்டால் காயிலின் சிபி பக்கம் நிரந்தரமா எர்த் ஆகும். நடு ரோட்டில் இன்ஜின் டப்புன்னு நிற்கும். ஆர்பிஎம் மீட்டர் ஒயரை யாரும் முதலில் சந்தேகப்பட மாட்டாங்க. ரெசிஸ்டர் காயில் பக்கம் இருந்தால் ஒயர் தொட்டாலும் மீட்டர் மட்டும்தான் செத்துப்போகும், வண்டி ஓடும்.

கேபிள்சாமி:
ஸ்பீடோவுக்கு வர்றேன். 60 கி.மீ. வேகம்னா நிமிடத்துக்கு 1 கி.மீ. டயலின் அடியில் பொடி எழுத்தில் 1.4 அல்லது 1400 என்று இருக்கா? ஜப்பான் வகை மீட்டரில் 60-இல் கேபிள் நிமிடத்துக்கு 1400 சுற்று சுத்தணும், அதாவது மீட்டருக்கு 1.4 சுற்று. 1.0 என்று போட்டிருந்தால் மீட்டருக்கு ஒரு சுற்று. பழைய ஸ்மித்ஸ் மீட்டரில் 1600 என்று இருப்பது மைலுக்கு, அதுவும் கிட்டத்தட்ட இந்த 1.0 தான்.

உங்க வார்ம் (வீலின் சுற்றைக் கேபிளுக்குக் கொடுக்கும் கியர்) என்ன கொடுக்குதுன்னு அளந்துடுங்க. கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி உள்கம்பி முனையில் துண்டு டேப் கொடி மாதிரி ஒட்டுங்க. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆள் உட்கார்ந்த நிலையில் வீல் 10 சுற்று வர நேரா தள்ளுங்க. தரையில் தூரத்தை டேப்பில் அளங்க, கொடி எத்தனை சுற்று என்று ஒருத்தர் எண்ணட்டும். சுற்றை தூரத்தால் வகுத்தால் உங்க எண்.

இரும்புக்குதிரை:
டயலில் 1.4 தான் இருக்கு. தள்ளிப் பார்த்ததில் 20.3 மீட்டர், கொடி 20 சுற்றும் கொஞ்சமும். எர்த் 0.6 வோல்ட் வந்தது, தனி ஒயர் இழுத்ததும் 0.03. ஆர்பிஎம் இப்போ 900-இல் நிற்குது.

கேபிள்சாமி:
அப்போ உங்க வார்ம் 1.0. ஒண்ணை 1.4-ஆல் வகுத்தால் 0.71, அறுபதுக்கு 43. கணக்கு அப்படியே பொருந்துது. மீட்டரில் குறை இல்லை, ஜோடிதான் தப்பு. வார்மில் கை வைக்காமல் 1.0 மீட்டராப் பார்த்து மாற்றுங்க. ஓடோமீட்டரும் இதே விகிதத்தில் குறைவாத்தான் ஓடியிருக்கும், ஆயில் மாற்றும் கணக்கில் அதைச் சேர்த்துக்கோங்க. வாங்கும்போது உள்கம்பி முனை சதுரமா, தட்டையா என்று பழைய கேபிளைக் கையோட கொண்டுபோய் மாட்டிப் பாருங்க. பிராக்கெட்டுக்கும் மீட்டருக்கும் நடுவில் ரப்பர் புஷ் அவசியம். இந்த இன்ஜின் அதிர்வுக்கு நேரா போல்ட் போட்ட மீட்டரில் ஊசி சீக்கிரம் கழன்றுடும்.

இரும்புக்குதிரை:
சரிங்கண்ணே, கடையில் மாற்றித் தர்றேன்னு சொல்லிட்டாங்க. கடைசியா ஒண்ணு: ஆர்பிஎம் மீட்டரில் இண்டிகேட்டருக்கு ஒரே எல்இடிதான் இருக்கு. வலது போட்டா எரியுது, இடது போட்டா எரியலை.

ஒயரிங்பித்தன்:
அதன் ரெண்டு முனையையும் இடது, வலது ஒயரில் கொடுத்திருப்பீங்க. எல்இடி ஒரு பக்கம்தான் கரண்ட் விடும். 1என்4007 டையோடு ரெண்டு வாங்குங்க. வெள்ளைக்கோடு இல்லாத முனை ஒண்ணு இடது ஒயருக்கு, ஒண்ணு வலது ஒயருக்கு. கோடு உள்ள ரெண்டு முனையையும் சேர்த்து எல்இடி பாசிட்டிவில் கொடுங்க. எல்இடி நெகட்டிவை இப்போ இழுத்த அந்த எர்த் ஒயரிலேயே முடிங்க.